சிம்னி மேடை

சின்னசேலம் பக்கத்தில் இருந்த அந்த ஜவ்வரிசி ஆலையின் சிம்னிக்கு ஒரே ஒரு நேர் ஏணிதான். ஏணியைச் சுற்றி இரும்பு வளையங்களால் ஆன கூண்டு. உள்ளே புகுந்து ஏறினால் முதுகு வளையத்தில் உரசும், முழங்கால் படியில் இடிக்கும். பாதியில் நின்று திரும்ப முடியாது. மேலே சிம்னியைச் சுற்றி இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அகலத்தில் ஒரு இரும்பு மேடை. அந்த மேடையில் நின்று, சிம்னியின் சுவரில் விட்டிருக்கும் துளை வழியாக நீளமான எஃகுக் குழாயை உள்ளே செலுத்தி, புகையில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் பார்ப்பது என் வேலை.

நான் கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தாவுக்கு அங்கே கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. வேதியியல் படித்த பெண் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லப் போவாள் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நான் புகை அளக்கப் போனேன். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஆபீஸ் வேலை" என்று மட்டும் அம்மா சொல்லிவந்தாள். நான் ஏணி ஏறுகிறேன் என்பது அத்தாவுக்குத் தெரியும். "கயித்த நம்பாத, கொக்கியப் பாரு" என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி.

அந்த வருடம், மாநிலத்தில் உள்ள தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகின்றன என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான ஆலைகளில் யாரும் சிம்னியில் ஏற வேண்டியதில்லை. என்ன எரித்தீர்கள், எவ்வளவு எரித்தீர்கள் என்று ஆலைக்காரர்களைக் கேட்டு, அதை வைத்துப் பெருக்கிப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது சரிதானா என்று பார்க்க, அங்கங்கே பொறுக்கி எடுத்த சில ஆலைகளில் மட்டும் நேரில் அளப்பார்கள். எங்கள் பக்கத்து ஆலைகளை அளக்கும் வேலை நான் இருந்த ஆய்வகத்துக்கு வந்தது.

அந்தக் கணக்கில் ஒரு விதி உண்டு. விறகை எரித்தால் வரும் கரியமில வாயு ஆலையின் கணக்கில் சேராது. மரம் மறுபடி வளரும்போது அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்று காரணம் சொல்வார்கள். நிலக்கரி அப்படியில்லை. எரித்ததெல்லாம் கணக்கில் ஏறும். ஆகவே விறகு என்று சொன்ன ஆலைக்கு நேராகப் பூஜ்யம் விழும். நாங்கள் ஏறிய ஆலையும் விறகு என்றுதான் சொல்லியிருந்தது. முற்றத்தில் தைலமரக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடந்தன. கரியமில வாயுவை மட்டும் பார்த்து எரிவது விறகா நிலக்கரியா என்று சொல்லிவிட முடியாது. கந்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். விறகுப் புகையில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். நிலக்கரிப் புகையில் கருவி உடனே காட்டிக்கொடுக்கும்.

என்னோடு ஏறியவர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். ஐ.டி.ஐ. முடித்தவர், என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். ஆய்வகத்தில் எல்லாரும் அவரை 'மலை' என்றே கூப்பிடுவார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரியும். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். சாமான்களை மேலே கயிற்றில் ஏற்றுவது, துளையின் மூடியைக் கழற்றிக் குழாயைப் பொருத்துவது எல்லாம் அவர் வேலை.

மேடைக்கு எதிரே, ஒரு லாரி நீளம்கூட இல்லாத தூரத்தில், ஆலையின் தண்ணீர்த் தொட்டி நின்றது. அதன் அடியில் பெரிய தேன்கூடுகள் கறுப்பாகத் தொங்கின. ஏறுவதற்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டு ஆலை மேனேஜரிடம் கேட்டார்.

"அது ரொம்ப நாளா கீது தம்பி. அது பாட்டுக்கு கீது, நாங்க பாட்டுக்கு கீறோம். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார் மேனேஜர்.

ஏணிக்குப் பக்கத்தில் பாதுகாப்புப் பட்டையின் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது, "உங்க ஊர்ல தேன் எடுப்பாங்க இல்ல, உங்களுக்குப் பழக்கம்தானே?" என்று நான் கேட்டேன்.

"எடுக்கறவன் எடுப்பான் மேடம். எனக்குத் தேனீன்னாவே ஆவாது. சின்னதுல ஒண்ணு கொட்டி மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சு."

அப்போதே அவரைக் கீழே இருக்கச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். தனி ஆளாக ஏறக் கூடாது என்பது விதி. வேறு ஆளும் இல்லை. ஏறினோம்.

முற்பகல் முழுவதும் வேலை ஒழுங்காக நடந்தது. விறகு எரிந்தது, விறகுக்கு உரிய எண்கள் வந்தன. வெயில் படாமல் கருவிக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாயைக் கம்பியில் கட்டி நிழல் செய்திருந்தோம். சாப்பிட இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று அங்கேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டு முடித்து, அவர் குழாயை அடுத்த துளைக்கு மாற்றிப் பொருத்தினார். கையுறை போட்டுக்கொண்டு போல்ட்டைத் திருக வரவில்லை என்று அதைக் கழற்றினார். ஹெல்மெட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

அப்போதுதான் அந்தப் பருந்து வந்தது. தொட்டிக்குக் கீழே தாழ்ந்து வந்து ஒரு கூட்டின் மேல் மோதி, காலில் எதையோ பிய்த்துக்கொண்டு போனது. கூட்டின் கறுப்பு அப்படியே கழன்று காற்றில் பரவியது. எனக்கு முதலில் என்னவென்று புரியவில்லை. பாய்லரில் ஏதோ கோளாறு, அந்தச் சத்தம்தான் என்று நினைத்தேன். அவர் "மேடம்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் அவர் முகத்தில் தேனீக்கள் இருந்தன.

நான் தார்ப்பாயின் ஒரு பக்க முடிச்சை இழுத்தேன். அது எங்கள் மேல் விழுந்தது. ஓரங்களைக் காலால் மிதித்தும் கைக்கடியில் மடக்கியும் மூடினோம். உள்ளே வந்துவிட்ட தேனீக்களைக் கையுறையால் ஒவ்வொன்றாக நசுக்கினேன். எனக்கு முழுக்கை உடுப்பு, தலையில் இறுக்கிக் கட்டிய முக்காடு, அதன் மேல் ஹெல்மெட். கன்னத்திலும் மணிக்கட்டிலும்தான் கொட்டியிருந்தன. அவருக்கு நெற்றி, உதடு, காது, கழுத்து, இரண்டு கைகள்.

ஏணிக்குப் போகலாமா என்று தார்ப்பாயின் ஓரத்தைத் துளி தூக்கிப் பார்த்தேன். கூண்டு முழுக்க அவை மொய்த்துக்கொண்டிருந்தன. அதற்குள் இறங்கினால் கையையும் ஆட்ட முடியாது, ஓடவும் முடியாது. ஓரத்தை விட்டுவிட்டேன்.

கைப்பேசியில் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"மேடம், நாங்கல்லாம் ஆபீஸ் ரூம்ல கதவச் சாத்திக்கினு கீறோம். வெளிய தல காட்ட முடியல. நீங்க அசையாம இருங்க."

"இவருக்கு ஜாஸ்தி கொட்டியிருக்குங்க. ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லுங்க."

"சொல்றோம், சொல்றோம். அதுவே அடங்கிடும்."

அவர் தீயணைப்புக்குச் சொல்லவில்லை. வெளி ஆட்கள் ஆலைக்குள் வருவதை அவர் விரும்பவில்லை என்று எனக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. பிறகு எங்கள் ஆய்வகத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர்தான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார். வண்டி வந்தது. ஆனால் தேனீக்கள் கலைந்து பறந்துகொண்டிருக்கும்போது புகை போட்டால் இன்னும் வெறி பிடிக்கும், வெயில் தாழ்ந்து அவை கூட்டுக்குத் திரும்பட்டும், அதுவரை அப்படியே படுத்திருங்கள் என்று அவர்கள் கைப்பேசியில் சொன்னார்கள். வெயில் தாழ வெகு நேரம் இருந்தது.

ஒரு பக்கம் சிம்னியின் சூடான சுவர். மறுபக்கம் கம்பி. அடியில் இரும்புத் தகடு, மேலே வெயிலில் கொதிக்கும் தார்ப்பாய். படுத்தால் இரண்டு பேருக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்று இல்லை. என் கொக்கி கம்பியில் மாட்டியபடியே இருந்ததால் நான் ஒருக்களித்துத்தான் கிடக்க முடிந்தது. தார்ப்பாய்க்கு மேலே அவை வந்து வந்து மோதுவது மழைத் தூறல் விழுவதுபோல் கேட்டது. என் மூச்சுக்காற்றே திரும்ப என் முகத்தில் அடித்தது. கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் யார் வருவார்கள்?

அவருடைய கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. உதடு தடித்துப் பேச்சுக் குழறியது. மீதமிருந்த குடிதண்ணீரில் நனைக்கத் துணி வேண்டியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, முக்காட்டை அவிழ்த்து நனைத்து அவர் முகத்தில் போட்டேன்.

"பேசிக்கினே இருங்க. எதையாச்சும் பேசுங்க" என்றேன்.

"இன்னா பேசறது மேடம்?"

"உங்க ஊரப் பத்திப் பேசுங்க."

"ஊர்ல இன்னா கீது. மரவள்ளிக் கெழங்குதான். எல்லாக் கெழங்கும் இந்த ஃபேக்டரிக்குத்தான் வருது." துணியின் ஈரத்தில் உதட்டை நனைத்துக்கொண்டார். "எங்கண்ணன் போட்ட கெழங்குகூடக் கீழ எங்கியாச்சும் அரைபட்டுக்கினு இருக்கும்."

பிறகு வாந்தி எடுத்தார். நான் அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

கருவியின் திரை என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குழாய் இன்னும் சிம்னிக்குள்ளேயே இருந்தது, கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இல்லையென்றால் அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து எண்கள் மாறின. கந்தகம் மேலே ஏறியது. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன். வெளிக்காற்றை இழுக்க விட்டால் கருவி சரியாக இருக்கிறதா என்று தெரியும். கையுறையைக் கழற்றி, எஃகுக் குழாயிலிருந்து கருவிக்கு வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கி, தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி வெளியே நீட்டினேன். எண்கள் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு இறங்கின. ஒரு தேனீ விரலில் கொட்டியது. மறுபடி புகையை இழுக்க விட்டேன். மறுபடி ஏறியது. சிறிது நேரத்தில் நிலக்கரி வாசனையும் வந்தது.

என்ன நடந்தது என்று கிடந்தபடியே யோசித்துப் பார்த்தால் எளிதாகத்தான் இருந்தது. விறகு திறந்த முற்றத்தில் கிடந்தது. தேனீக்களுக்கு நடுவே அங்கே போய் யாரும் விறகு அள்ள முடியாது. பாய்லரை அணைத்தால் ஆலைக்குள் இருக்கும் ஈரமாவு காயாமல் புளித்துப்போகும். பாய்லரை ஒட்டிக் கூரை போட்ட ஒரு கொட்டகை பூட்டியிருந்ததைக் காலையில் பார்த்திருந்தேன். பாய்லர் ஆட்கள் வெளியே வராமலே அதிலிருந்து அள்ளலாம். அதற்குள் என்ன இருந்தது என்று இப்போது சிம்னி சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவர் பதில் பேசவில்லை. கூப்பிட்டால் ம் என்றுகூடச் சொல்லவில்லை. மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடித் துடிப்பை ஒரு விரலில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். செத்துப்போய்விட்டால் இவரோடு இப்படியே பொழுது சாயும்வரை கிடக்க வேண்டும் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு போகவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில், தடித்த உடுப்பும் முகமூடியும் போட்ட தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அவரைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார்கள். பிறகு நான் ஏணியில் இறங்கினேன். என் முக்காடு அவர் முகத்தில் சுற்றியிருந்தது. என் தலையில் எதுவும் இல்லை. வியர்வையில் முடி கலைந்து தோளில் ஒட்டிக் கிடந்தது. கீழே ஆலை ஆட்கள், லாரிக்காரர்கள், ரோட்டில் போனவர்கள் என்று ஒரு கூட்டமே நின்றது. பாதிப்பேர் கையில் கைப்பேசி இருந்தது. யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்தார். யாரோ ஒருவர், "ரெண்டும் உள்ளாறயே இருந்துச்சா இவ்ள நேரம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். எனக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே வீடியோ போய்விட்டிருந்தது. தார்ப்பாய் அசைவதும், அதற்கடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதும், பிறகு நான் தலைவிரித்தபடி இறங்குவதும் அதில் இருந்தன. தேனீக்கள் அந்தத் தூரத்துக்குத் தெரியவில்லை. யாரோ அதற்குச் சிரிக்கும் பொம்மைகள் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அண்ணன் என்னிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசினான், நான் கேட்கும்படியாக. "ஜமாத்துல எவன் மூஞ்சில முழிக்கறது? இனிமே வூட்ட வுட்டு எங்கியும் போவக் கூடாது." அப்போது எனக்குத் திருச்சிப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்து ஃபோன் வருவது நின்றது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா என்னை உள்ளறைக்குப் போகச் சொன்னாள். எங்கள் உள்ளறையில் ஜன்னல் ஒன்றுதான். அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது.

கருவியில் பதிவாகியிருந்த எண்களை ஆய்வகம் அனுப்பியதும், பிற்பகலில் கந்தகம் ஏறியதை விசாரிப்பார்கள் என்று பேச்சு வந்தது. சில நாள் கழித்து ஆலை மேனேஜர் எங்கள் கடைக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். அத்தா வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

"இன்னா சொன்னாரு அத்தா?"

"நல்லாத்தான் பேசினாரு. பாவம் ரெண்டு பேரும் மயங்கிக் கெடந்தாங்க, அந்த நெலமையில யாரு இன்னா சொல்ல முடியும், அப்படியே சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லதுன்னாரு. உம் பேருக்கும் நல்லதுன்னாரு."

மேனேஜர் சொன்னதில் இருந்த கணக்கு எனக்குப் புரிந்தது. அளக்கும்போது அளப்பவர் கருவியின் பக்கத்தில் விழிப்போடு இருந்து பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண்கள் செல்லாது. நான் மயங்கிக் கிடந்தேன் என்றால், முற்பகல் எண்கள் மட்டும் நிற்கும். ஆலை விறகுதான் எரித்தது என்று ஆகும். எனக்கும் லாபம் உண்டு. மயங்கிக் கிடந்த பெண்ணைப் பார்த்து ஊர் பரிதாபப்படும். முழு நினைவோடு ஒரு ஆணின் பக்கத்தில் பிற்பகல் முழுக்கக் கிடந்தவளைப் பார்த்து அப்படிப் படாது.

அண்ணனும் அதைத்தான் சொன்னான். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "மயக்கமா இருந்துச்சுன்னு சொன்னா இன்னா கொறஞ்சி போவுது?" என்று சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, தொழுதுவிட்டு எழும்போது கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் என்னை மிரட்டவில்லை. எல்லாரும் அன்பாகவே சொன்னார்கள். அதில்தான் எனக்கு மூச்சு முட்டியது.

என்னோடு ஏறியவரைப் பார்க்க வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டேன். உயிர் பிழைத்தவரைப் பார்த்துவருவது நியாயம்தான் என்று அத்தா சொன்னார். அம்மாவைக் கூட அனுப்பினார். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். மலையடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வெளியே வந்ததே போதும் என்றிருந்தது. வெள்ளிமலையில் இறங்கி, ஒரு ஜீப்பில் இடம் பிடித்து அவர் ஊருக்குப் போனோம்.

அவர் வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு குவிந்து கிடந்தது, லாரிக்காகக் காத்து. அவர் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. ஒரு பக்கக் கண்ணிமை மட்டும் இன்னும் தொங்கியது. அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முக்காட்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார்கள். என் அம்மா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தினை மாவு உருண்டை கொடுத்தார்கள்.

அவர் என்னோடு வாசல்வரை வந்தார். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதால் நாங்கள் தள்ளித் தள்ளி நின்றோம்.

"விசாரிக்கக் கூப்பிடுவாங்க" என்றேன்.

"தெரியும் மேடம். கெழங்கு புரோக்கர் வந்துட்டுப் போனாரு." அவர் கிழங்குக் குவியலைப் பார்த்தார். "நான் எதுனா சொன்னா எங்க ஊரு லாரிய கேட்லயே நிறுத்திடுவாங்களாம். எங்க வூட்டுக் கெழங்கு மட்டும்னா பரவால்ல. ஊரு கெழங்கு."

"நீங்க இன்னா சொல்லப் போறீங்க?"

"மயக்கத்துல இருந்தேன்னுதான். அது பொய் இல்லியே மேடம். பாதிக்கு மேல எனக்கு நெனப்பே இல்ல."

"கரி வாசன வந்தது தெரியுமா?"

"தெரியாதுன்னு சொல்லிடறேன் மேடம். நீங்க உங்களுக்கு எது தோதோ அதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜீப்பில் திரும்பும்போது அம்மா, "அந்தப் புள்ளையே அப்படிச் சொல்லுது, உனக்கு இன்னா?" என்றாள். வழியில் ஆலைக்குப் போகும் கிழங்கு லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்த இடம் இல்லை. அடிவாரம்வரை அதன் பின்னாலேயே வந்தோம்.

விசாரணை எங்கள் ஆய்வகத்திலேயே நடந்தது. கணக்கெடுக்கும் பொறுப்பில் இருந்த ஒரு பெண் அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். ஆய்வகத் தலைவர், மேனேஜர், என்னோடு ஏறியவர், நான். என் அத்தாவும் வந்திருந்தார். வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கதவோரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் என்னோடு ஏறியவரைக் கேட்டார்கள். தேனீ கொட்டியது வரைதான் ஞாபகம் இருக்கிறது என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேனேஜர் பேசினார். "மேடம், நாங்க வெறகுதான் எரிக்கறோம். கொட்டகையை வந்து பாருங்க, திப்பிதான் கொட்டி வெச்சிருக்கோம், கெழங்குச் சக்கை. அந்தக் கருவி சூட்டுல இன்னா காட்டுச்சோ. தார்ப்பாயிக்குள்ள படுத்துக்கினு இருந்தவங்க இன்னாத்த அளந்திருப்பாங்க, நீங்களே சொல்லுங்க." குரலில் கேலி இல்லை. ஆனாலும் அறையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க நினைவோட இருந்தீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அத்தா உட்கார்ந்திருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

"இருந்தேங்க."

"முழு நேரமுமா?"

"முழு நேரமும். திரை என் முகத்துக்கு நேரா இருந்தது. கந்தகம் ஏறினப்போ கருவி மேலயே சந்தேகம் வந்து வெளிக்காத்து காட்டிச் சரிபார்த்தேன். அப்போ இந்த விரல்ல கொட்டிச்சு. கருவிக்குள்ள பாருங்க, எண்கள் பூஜ்யத்துக்கு எறங்கித் திரும்ப ஏறியிருக்கும். மயங்கின ஆள் அதச் செய்ய முடியாது."

"இன்னொருத்தர்?"

"அவருக்கு நினைவு இல்ல. ஒரு கையால அவர் நாடியப் பிடிச்சிக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டேன். அதிகாரி தன் கணினியில் தேடிப் பார்த்து, இறங்கி ஏறிய இடத்தைக் கண்டுபிடித்து, தலையாட்டினார். மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என்னோடு ஏறியவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அத்தா வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"முழுசும் முழிச்சிக்கினுதான் இருந்தியா?"

"ஆமாத்தா."

"பயமா இருந்துச்சா?"

சம்பவம் நடந்ததிலிருந்து வீட்டில் யாரும் என்னை அதைக் கேட்டிருக்கவில்லை. தலையை ஆட்டினேன். அத்தா கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுது முடிக்கும்வரை நின்றார். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் அண்ணனிடமும் அவர் எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்படிப் பேசக்கூடியவர் அல்ல.

அந்த எண்களை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆலையின் பெயருக்கு எதிரே நிலக்கரியும் சேர்ந்தது. கிழங்கு லாரியை யாரும் நிறுத்தவில்லை; கிழங்கு இல்லாமல் ஆலை ஓடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் அவருக்கு மறுபடி சிம்னி ஏறக் கால் வரவில்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை பாய்லரில் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். திருச்சிச் சம்பந்தம் முறிந்தது. மாநிலக் கணக்கு வெளிவந்தபோது தொழில்துறை என்ற ஒரு வரியில் ஒரு பெரிய எண் இருந்தது. எங்கள் ஆலை அதற்குள் எங்கேயோ கரைந்திருந்தது. அதை யாரிடம் காட்டி எதைச் சொல்வது?

என் வேலை போகவில்லை. ஆனால் என்னை எந்த ஆலையும் உள்ளே விடுவதாக இல்லை. சங்கராபுரத்தில் ஒரு அரிசி ஆலையை அளக்க நாள் குறித்தபோது என்னை அனுப்புங்கள் என்று கேட்டேன். தலைவர் சங்கடப்பட்டார். "வேற யாரு வேணா வரட்டும், அந்தப் பொண்ணு மட்டும் வேணாங்கறாங்கம்மா" என்றார். நான் உட்கார்ந்த இடத்திலேயே, அடுத்த கணக்குக்காக மற்றவர்கள் சொல்லி அனுப்புகிற எரிபொருள் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். காலையில் அண்ணன் கொண்டுவந்து விடுகிறான், மாலையில் வந்து கூட்டிப்போகிறான். வேலைக்கு விட்டதே பெரிது என்று வீட்டில் பேச்சு.

போன வாரம் எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு செங்கல் சூளையின் விவரம் வந்தது. விறகு மட்டும் என்றிருந்தது. அவ்வளவு கல்லை அவ்வளவு விறகில் சுட முடியாது என்று தோன்றியதால் சூளைக்காரரை ஃபோனில் கூப்பிட்டேன்.

"வெறகு மட்டுந்தானுங்களா?"

"யாரும்மா பேசறது?"

சொன்னேன்.

"ஓ, அந்த சிம்னிப் பொண்ணா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் பழைய டயரும் போடுவோம்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கரியும் கொஞ்சம். இன்னா, இப்ப நேர்ல வரப் போறியா?"

வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு டயர், எவ்வளவு கரி என்று கேட்டேன். அவர் முனகிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். வெளியே அண்ணன் வந்து ஹாரன் அடித்தான். இன்னும் முடியவில்லை என்று ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். அவன் வண்டியை அணைக்காமல் நின்றான். புகை உள்ளே வந்தது. நான் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் சொல்வதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.